நிலவறையில் விளக்குப் பிடிப்பவருக்கு என்ன கூலி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற ரோல்பிளேயிங் விளையாட்டுகளில், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுகளில், ஆட்டக்காரர்களின் நாயகர்கள் மட்டும் புதையல் தேடி நிலவறைக்குள் இறங்குவதில்லை. பந்தம் பிடிக்க ஒருவர், மூட்டை சுமக்க ஒருவர், வாசலில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், சில சமயம் ஈட்டியோடு முன்வரிசையில் நிற்க இரண்டு பேர் என்று கூலிக்கு ஆள் அமர்த்தும் வழக்கம் 1974-இல் இந்த விளையாட்டு வெளிவந்ததிலிருந்தே உண்டு. நான் பல வருடங்களாக கேம் மாஸ்டராக, அதாவது கதையையும் விதிகளையும் கையாள்பவராக, ஆட்டம் நடத்துகிறேன். புதிதாக ஆட்டம் நடத்த வருபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். காசுக் கணக்கெல்லாம் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி: 10 செப்புக்காசு சேர்ந்தால் ஒரு வெள்ளி, 10 வெள்ளி சேர்ந்தால் ஒரு பொன். வேறு விதிகளைச் சொல்லும் இடத்தில் பெயரோடு சொல்கிறேன்.

விதிப்புத்தகத்தில் பயிற்சி இல்லாத ஆளுக்கு நாளுக்கு 2 வெள்ளி என்று போட்டிருக்கிறது. அதையே கொடுத்தால் போதாதா?

ஊருக்குள் செய்யும் வேலைக்குப் போதும், அதுவும் மட்டுமட்டாகத்தான். அந்த வரியில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர்கள் கூலியாட்கள், சுமைதூக்கிகள், வீட்டு வேலை செய்பவர்கள். இரண்டு பக்கம் முன்னால் புரட்டினால் வாழ்க்கைச் செலவுப் பட்டியல் இருக்கிறது. ஏழையாக வாழ நாளுக்கு 2 வெள்ளி, சுமாராக வாழ 1 பொன், வசதியாக வாழ 2 பொன். பயிற்சி இல்லாதவரின் கூலி அப்படியே ஏழை வாழ்க்கையின் செலவு. கொல்லர், எழுத்தர், கூலிப்படை வீரர் போன்ற பயிற்சி பெற்றவர்களின் 2 பொன் அப்படியே வசதியான வாழ்க்கையின் செலவு. வந்ததும் போவதும் சரி. மனைவி, பிள்ளை, வேலை கிடைக்காத நாள், காய்ச்சலில் படுத்த நாள் எதற்கும் அதில் இடமில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். பயணத்துக்கு எடுத்துச் செல்லும் ஒரு நாள் உலர் உணவின் விலை 5 வெள்ளி. சாப்பாடு அவரவர் பொறுப்பு என்று சொல்லி ஒருவரை 2 வெள்ளிக்கு அழைத்துச் சென்றால், உங்களுக்கு வேலை செய்த ஒவ்வொரு நாளும் அவர் கையிலிருந்து 3 வெள்ளி போகும். பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்த அன்றுதான், பட்டியலில் உள்ள எண்ணை அப்படியே நிலவறைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று எனக்கு விளங்கியது. அது ஊர்க்கூலி. நிலவறை வேறு வேலை, அதற்கு வேறு கூலி.

அப்படியானால் நிலவறைக்குள் வருபவருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

பழைய வழக்கம் இரட்டிப்பு. பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ரோல்பிளேயிங் விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் பயிற்சி இல்லாதவருக்கு நாளுக்கு 1 வெள்ளி, பயிற்சி பெற்றவருக்கு 5 வெள்ளி. சாகசத்துக்கு உடன் வந்தால் அது இரண்டு மடங்கு. 1981-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எக்ஸ்பர்ட் விதிகளிலும் கூலிப்படைக்குப் போர்க்காலத்தில் இரட்டைச் சம்பளம். பயிற்சி பெற்றவர்களுக்கு இந்த அளவு சரி என்றே நினைக்கிறேன். பந்தம் பிடிப்பவருக்குப் போதாது.

காரணம் ஆபத்தின் அளவு. சாதாரணக் குடிமகனுக்கு ஐந்தாம் பதிப்பில் உயிர்ப்புள்ளி 4, தற்காப்பு எண் 10. அதாவது 4 புள்ளிக் காயத்தில் விழுந்துவிடுவார், எதிரியின் தாக்குதல் எண் 10-ஐத் தொட்டால் அடி படும். கோப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்று வாளோடு பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாக்குதலுக்கு 4 கூட்டுவதால் இருபது முகப் பகடையில் 6 விழுந்தாலே அடி படும். காயம் ஆறு முகப் பகடையோடு 2. பகடையில் 1 விழுந்தால்தான் அவர் பிழைப்பார். கணக்குப் போட்டால், ஒரே கோப்ளின், ஒரே வீச்சு, நூற்றுக்கு அறுபது தடவைக்கு மேல் ஆள் காலி. நாயகர்களுக்கு அது ஒரு கீறல். ஒரே அறையில் ஒரே கோப்ளின் முன்னால் நிற்கும் இரண்டு பேரின் ஆபத்து இப்படி வேறுபடுகிறது.

எனவே என் மேசையில், அதாவது நான் நடத்தும் ஆட்டத்தில், இருக்கும் அளவு இது: விளக்கு பிடிப்பவர், மூட்டை சுமப்பவர் என்றால் நிலவறைப் பயணத்தின் ஒவ்வொரு நாளுக்கும் 1 பொன், அதாவது ஊர்க்கூலியைப் போல ஐந்து மடங்கு. பூட்டுத் திறப்பவர், வழிகாட்டி போன்ற பயிற்சி பெற்றவர்களுக்கு 4 பொன். வாசலில் முகாமிட்டுக் குதிரைகளோடு தங்குபவருக்கு 5 வெள்ளி. சாப்பாடு எல்லோருக்கும் குழுவின் செலவு.

இவ்வளவு கொடுத்தால் தொடக்க நிலை நாயகர்களுக்குக் கட்டுப்படியாகுமா?

தாராளமாகக் கட்டுப்படியாகும். தொடக்க நிலைப் புதையலுக்கு விதிகள் தரும் பகடைக் கணக்கில் காசு மட்டும் சராசரியாக 196 பொன் மதிப்புக்கு வரும். மணிகளும் மந்திரப் பொருள்களும் தனி. இரண்டு பேரை ஐந்து நாள் அழைத்துச் சென்றால் கூலி 10 பொன், உணவு 5 பொன். மொத்தம் 15. நூற்றுக்கு எட்டுகூட ஆகவில்லை. ஒரே ஒரு குணமாக்கும் மருந்துக் குப்பி 50 பொன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியகால ஐரோப்பாவின் உண்மையான கூலி அளவுகளைப் பின்பற்றலாமா?

எண்களை அப்படியே எடுக்க முடியாது, அந்த நாணயம் வேறு. எண்களுக்கு இடையே இருந்த விகிதத்தை எடுக்கலாம். அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

1348-49-இல் இங்கிலாந்தைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனது. உழைக்க ஆள் குறைந்ததால் மிஞ்சியவர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். நில உடைமையாளர்கள் அதைத் தடுக்க 1351-இல் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி புல்லை உலர்த்தி வைக்கோலாக்கும் வேலைக்கு நாளுக்கு 1 பென்னிக்கு மேல் கூடாது. தலைமைத் தச்சருக்கு 3 பென்னி, மற்றத் தச்சர்களுக்கு 2, தலைமைக் கல்தச்சருக்கு 4. அதாவது அடிமட்டத்துக்கும் கைதேர்ந்த தொழிலாளிக்கும் இடையே ஒன்றுக்கு நான்கு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பிலும் 1 வெள்ளி, 3 வெள்ளி என்று ஏறக்குறைய அதே விகிதம்தான் இருந்தது. ஐந்தாம் பதிப்பில் அது ஒன்றுக்குப் பத்தாகிவிட்டது. மேலே உள்ளவரைத் தூக்கிய கை கீழே உள்ளவரை விட்டுவிட்டது. நான் வைத்திருக்கும் 1 பொன், 4 பொன் என்ற அளவு இந்தப் பழைய விகிதத்துக்கே திரும்புகிறது.

அந்தச் சட்டத்தில் கேம் மாஸ்டருக்குக் கதையும் கிடைக்கிறது. டிராகன் எரித்த பள்ளத்தாக்கில், கொள்ளைநோய் கண்ட துறைமுகத்தில் ஆள் கிடைப்பது அரிது. அங்கே 3 பொன் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். கூலியை ஏற்றாதே என்று அந்த ஊர்ப் பிரபு முரசறைந்திருந்தால், கூடுதலாகக் கொடுக்கும் நாயகர்கள் யாருடைய பகையைச் சம்பாதிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மாதம் ஆடலாம்.

நாட்கூலியா, புதையலில் பங்கா?

சண்டை போடுபவருக்குப் பங்கு கொடுங்கள். சண்டை போடாதவருக்கு நாட்கூலியும், நல்ல புதையல் கிடைத்தால் மேலே ஒரு வெகுமதியும்.

பங்குக்குப் பழைய அளவு அரைப்பங்கு. எண்பதுகளின் விதிகளை மீட்டெடுத்த ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸில் கூலிக்கு உடன்வரும் துணைவருக்குக் குறைந்தது அரைப்பங்கு என்பது விதி. இரண்டு நாயகர்கள், ஒரு துணைவர் என்றால் 40, 40, 20 என்று பிரியும். நூறாண்டுப் போர்க் காலத்து ஆங்கிலப் படைகளில் இன்னொரு வழக்கம் இருந்தது. வீரன் தான் கைப்பற்றியதில் மூன்றில் ஒரு பங்கைத் தன் தலைவனுக்குக் கொடுத்துவிட்டு மீதியைத் தானே வைத்துக்கொள்வான். அதற்கு மேல் நாட்சம்பளமும் உண்டு. அரைப்பங்கு அதிகம் என்று முணுமுணுக்கும் ஆட்டக்காரர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

பந்தம் பிடிப்பவருக்கு நான் பங்கு பேசுவதில்லை. பங்கு என்பது கிடைத்தால்தான் உண்டு. அன்றாடம் அடுப்பு எரிய வேண்டியவரிடம் போய், புதையல் கிடைத்தால் தருகிறோம், கிடைக்காவிட்டால் இல்லை என்று சொல்வது நம் நட்டத்தை அவர் தலையில் கட்டுவது. அவருக்கு உறுதியான காசு வேண்டும். பாதியை முன்பணமாகக் கொடுப்பதை என் மேசையில் கட்டாயமாக்கியிருக்கிறேன்.

கூலி கூடினால் ஆட்டத்தில் அதற்குப் பலன் தெரிய வேண்டாமா?

வேண்டும். அதற்கு 1981-இன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் விதிகளில் உள்ள மன உறுதி எண்ணைப் போல எளிய கருவி வேறு இல்லை. துணைவரின் மன உறுதி, அமர்த்தும் நாயகரின் கவர்ச்சிப் புள்ளியை, அதாவது பிறரை ஈர்க்கும் திறனுக்கான எண்ணை, பொறுத்தது. அமர்த்துபவர் சராசரி ஆள் என்றால், அதாவது அந்தப் புள்ளி 9 முதல் 12 வரை என்றால், நான்கு துணைவர்கள் வரை வைத்துக்கொள்ளலாம், அவர்களின் மன உறுதி 7. நெருக்கடியில் இரண்டு ஆறு முகப் பகடைகளை உருட்டி அந்த எண்ணுக்குள் வந்தால் நிற்பார், தாண்டினால் ஓடுவார்.

7 என்றால் நிற்பதற்கு நூற்றுக்கு 58 வாய்ப்பு. 8 ஆனால் 72. 9 ஆனால் 83. ஒரே ஒரு புள்ளிக்கு இவ்வளவு வித்தியாசம். ஊர்க்கூலி மட்டும் கொடுத்தால் 6 என்று வைக்கிறேன், அப்போது 42-தான். நியாயக் கூலிக்கு 7. சொன்ன நாளில் சொன்ன காசைக் கையில் வைத்து, காயத்துக்கு மருந்தும் போட்டால் அடுத்த பயணத்தில் 8. கூலியைப் பாக்கி வைத்தால் 5. ஐந்தாம் பதிப்பு ஆடுபவர்கள் ஆட்ட நடத்துநர் கையேட்டில் விருப்ப விதியாக உள்ள மன உறுதிச் சோதனையை எடுத்துக்கொண்டு, இலக்கு எண் 10-ஐக் கூலிக்கு ஏற்றபடி இரண்டு இரண்டாகக் கூட்டிக் குறைக்கலாம்.

பகடையை ஆட்டக்காரர்கள் கண்முன் உருட்டுங்கள். பாக்கி வைத்த கூலி பந்தத்தோடு இருட்டில் ஓடுவதை அவர்களே பார்க்கட்டும்.

கூலிக்கு வந்தவர் இறந்துவிட்டால்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன்.

எங்கள் மேசையில் நடந்தது. ஆஸ்வின் என்று ஒரு பந்தக்காரர். ஆற்றோரக் கிராமத்தில் 2 வெள்ளிக்குப் பேசி அழைத்துச் சென்றார்கள். மூன்றாவது அறையில் கூரையிலிருந்து இறங்கிய சிலந்தி அவர் கழுத்தைக் கடித்தது. நாயகர்கள் சிலந்தியைக் கொன்றார்கள், பந்தத்தை எடுத்துக்கொண்டார்கள், மேலே போனார்கள். நான்கு பேரும் 190 பொன்னோடு ஊர் திரும்பினார்கள். சத்திரத்தின் வாசலில் ஒரு பெண் நிற்கிறாள் என்றேன். கையில் மடித்த சட்டை ஒன்று. "ஐயா, அண்ணன் பின்னால் வருகிறாரா?" என்று கேட்கிறாள்.

யாரும் பேசவில்லை. குள்ளர் வீரனாக ஆடியவர் தன் தாளில் 47 என்று எழுதியிருந்த பொற்காசு எண்ணை ரப்பரால் அழித்துவிட்டு, அந்த இடத்தில் 0 என்று எழுதினார். தேய்த்த தேய்ப்பில் தாள் கிழிந்துவிட்டது. மற்றவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். அன்றிரவே ஒரு விதி எழுதினோம்.

ஏழை வாழ்க்கைக்கு ஒரு வருடச் செலவு 73 பொன். அதை 75 ஆக்கி, இறந்தவரின் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்தோம். விலைப்பட்டியலில் சவாரிக் குதிரையின் விலையும் 75 பொன்தான். 14-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலப் படைகள் புறப்படும்போது ஒவ்வொரு போர்க்குதிரையையும் மதிப்பிட்டு எழுதிவைப்பார்கள். போரில் குதிரை செத்தால் உரியவருக்கு அந்தத் தொகை கிடைக்கும். குதிரைக்கு இருந்த கணக்கு மனிதருக்கும் வேண்டாமா?

உடல் உறுப்பு போனால் என்ன செய்வது என்பதற்கு 17-ஆம் நூற்றாண்டின் கரீபியக் கடற்கொள்ளையர்கள் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். வலது கைக்கு 600 ஸ்பானிய வெள்ளி நாணயம், இடது கைக்கும் வலது காலுக்கும் 500, இடது காலுக்கு 400, கண்ணுக்கு 100, விரலுக்கு 100. பங்கு பிரிப்பதற்கு முன்பே பொதுப் பணத்திலிருந்து இதை எடுத்துவிடுவார்கள். நான் அந்த முறையைப் பின்பற்றுகிறேன், தொகையைக் கொஞ்சம் மாற்றி. கையோ காலோ போனால் முழு 75, ஏனென்றால் உடல் உழைப்பில் வாழ்பவருக்கு அதன்பின் பிழைப்பு இல்லை. விரலுக்கு 12. கண்ணுக்கும் விரலுக்கும் ஒரே தொகை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கண்ணுக்கு 25 வைத்திருக்கிறேன்.

குழுவில் மந்திரம் தெரிந்த மதகுரு இருந்தால் இறந்த கூலியாளை உயிர்ப்பிக்க வேண்டுமா?

இறந்த ஒரு நிமிடத்துக்குள் உயிர்ப்பிக்கும் மந்திரத்துக்கு 300 பொன் மதிப்புள்ள வைரம் செலவாகும். தொடக்கத்தில் அது குழுவின் மொத்தச் சொத்தைவிட அதிகம், அதனால் நான் வற்புறுத்துவதில்லை. பை நிறைய வைரம் வைத்திருக்கும் உயர்நிலை நாயகர்கள் என்றால் ஒப்பந்தத்திலேயே அதைச் சேர்க்கச் சொல்வேன்.

ஆயுதமும் கவசமும் யார் வாங்குவது?

குழுதான். தோல் கவசம் 10 பொன், ஊர்க்கூலியில் 50 நாள் உழைப்பு. வேலை முடிந்ததும் கவசத்தை அவரிடமே விட்டுவிடுங்கள். அடுத்த தடவை உங்களோடு வர அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

ஆட்டக்காரர்கள் கூலியாட்களைப் பொறிக்குப் பலி கொடுக்கிறார்கள். "நீ முதலில் போ" என்று கதவைத் திறக்க அனுப்புகிறார்கள். எப்படித் தடுப்பது?

முதலில் ஆட்டத்தை நிறுத்தி நேரடியாகப் பேசுங்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அவரை ஆளாக நினைக்கவே இல்லை. நீண்ட கம்புக்குப் பதில் ஒரு கருவி, அவ்வளவுதான். அதில் பாதிப் பிழை நம்முடையது. பெயர் சொல்லாமல், "இரண்டு கூலியாட்கள் கிடைத்தார்கள்" என்று நாம்தான் அறிமுகப்படுத்தியிருப்போம். பெயரும் ஊரும் ஒரு சின்னப் பழக்கமும் கொடுங்கள். அடிக்கடி மூக்கை உறிஞ்சுபவர், நாய்க்கு ரொட்டி ஒதுக்கி வைப்பவர், இப்படி ஏதாவது.

அப்புறம், அவர் மறுக்கட்டும். விளக்கு பிடிக்கத்தான் கூலி பேசினோம், கதவு திறக்க இல்லை என்று அவர் சொல்வது நியாயம். அதையும் மீறித் தள்ளிவிட்டால் சேதி ஊருக்குள் பரவும். அந்த ஊரில் அடுத்த ஆளுக்குக் கூலி இரட்டிப்பு, அதற்கடுத்து ஆளே கிடையாது.

பத்து வயதுச் சிறுவனை விளக்கு பிடிக்க அழைத்துச் செல்லலாமா? சரணடைந்த கோப்ளினை?

சிறுவன், எந்தக் கூலிக்கும் கூடாது. 1979-இன் ஆட்ட நடத்துநர் கையேட்டில் பந்தம் பிடிக்கும் பையன் நாளுக்கு 1 வெள்ளி என்று கூலிப் பட்டியலிலேயே இருக்கிறான். நான் அந்த வரியை எடுத்துவிட்டேன். கோப்ளின் தானாக விரும்பி வந்தால் மனிதருக்குக் கொடுக்கும் அதே 1 பொன். விருப்பமில்லாமல் கட்டி இழுத்துப் போனால் அதற்குக் கூலி என்ற பேச்சே பொருந்தாது, அது அடிமைத்தனம்.

இதெல்லாம் கணக்குப் பிள்ளை வேலையாகிவிடாதா?

ஆளுக்கு ஒரு சின்ன அட்டை போதும். பெயர், ஊர், நாட்கூலி, கொடுத்த முன்பணம், வீட்டில் யார். ஆட்டம் முடியும் ஐந்து நிமிடம் முன்பு, புதையலைப் பிரிப்பதற்கு முன்னால், கூலியைக் கழியுங்கள். வரிசை முக்கியம். பங்கு பிரித்த பிறகு யாருடைய பையிலிருந்து கொடுப்பது என்ற வழக்கு வரும். பொதுப் பணத்திலிருந்து முதலில் கொடுத்துவிட்டால் வழக்கே இல்லை.

முதல் ஆட்டத்தில் எப்படித் தொடங்குவது?

சத்திரத்தில் ஆள் தேடும் காட்சிக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். விலையைச் சொல்வதை ஆட்டக்காரர்களிடம் விடாமல், வேலைக்கு வருபவரின் வாயாலேயே நிபந்தனைகளைச் சொல்ல வையுங்கள். நான் பயன்படுத்தும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"நாளுக்கு ஒரு பொன், ஐயா. போகும் நாளும் வரும் நாளும் சேர்த்துத்தான். சாப்பாடும் பந்தமும் உங்களுடையது. பாதிக் கூலியை இப்போதே என் தங்கையிடம் கொடுத்துவிடுங்கள். விளக்கை உயர்த்திப் பிடிப்பேன், யாரையும் இருட்டில் விட்டு ஓடமாட்டேன். கதவை முதலில் திறப்பது நீங்கள். நான் திரும்பி வராவிட்டால் 75 பொன். மாவு ஆலைக்குப் பக்கத்து வீடு, யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்."

சொல்லி முடித்ததும் அட்டையை மேசை நடுவில் வைத்து, ஆட்டக்காரர்களைப் பார்த்து, "சம்மதமா?" என்று கேளுங்கள்.